காளை அட்டையில் மடிக்கும் ஒரு வரி வேண்டும்

பெறுநர்: தமிழ்நாட்டில் சினை ஊசிக்கான காளைகளைத் தேர்வு செய்யும் கால்நடை பராமரிப்புத் துறை, தமிழ்நாடு கால்நடை அபிவிருத்தி முகமை, மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சினை ஊசி போட வருபவரிடம் "நல்ல காளையாப் பாத்துப் போடுங்க" என்று சொல்லாத மாட்டுக்காரர் இல்லை. எது நல்ல காளை என்பதற்கு நம்மிடம் உள்ள விடை வழக்கமாக இதுதான்: தாய் ஓர் ஈற்றில் இத்தனை லிட்டர் கறந்தது, கொழுப்பு இத்தனை சதவீதம், காளைக்குக் காசநோய், புரூசெல்லா, ஜோனீஸ், ஐ.பி.ஆர். போன்ற தொற்றுநோய்கள் இல்லை. எல்லாம் தேவையான தகவல்தான். ஆனால் அந்தக் காளையின் மகள்களில் எத்தனைக்கு மடிநோய் வந்தது, எத்தனை மாடு மூன்று காம்போடு சந்தைக்குப் போனது என்பதை எழுத அந்தக் காளையின் விவர அட்டையில் இடம் இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்பதே இந்த மடலின் கோரிக்கை. எதற்காக, எப்படி, எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மடிநோய் கொட்டகையில் வருவது, காளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். பாதி நியாயமான கேள்வி. ஈரத் தரை, கை கழுவாமல் அடுத்த மாட்டுக்கு உட்காருவது, கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறப்பது, கறந்த கையோடு மாடு சாணியில் படுத்துக்கொள்வது, இவைதான் கிருமி உள்ளே போகும் வழிகள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கறப்பவர் கையோடு மாடு மாடாகப் போகும். ஈ.கோலை சாணியிலிருந்து வரும். ஆனாலும் ஒரே கொட்டகையில் ஒரே கையால் கறக்கும் இரண்டு மாட்டில் ஒன்றுக்கு ஈற்றுக்கு ஈற்று மடி கல்லாகிறது, பக்கத்தில் நிற்பதற்கு ஒன்றும் ஆவதில்லை. காம்புத் துவாரம் எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது, அதன் உள்சுவரில் கெரட்டின் என்ற மெழுகு போன்ற அடைப்பு எப்படி இருக்கிறது, கிருமி நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் எவ்வளவு விரைவில் மடிக்குள் வந்து சேர்கின்றன, மடி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இவற்றில் ஒரு பங்கு தாய் தந்தையிடமிருந்து வருவது.

அந்தப் பங்கு சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. "மடிநோய் வந்தது, வரவில்லை" என்ற பதிவை வைத்துக் கணக்கிட்டால், மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கு 2 முதல் 4 சதவீதம். பால் அளவுக்கு அது 25 முதல் 35 சதவீதம். இந்த 3 சதவீதத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் மரபு வழியே வேண்டாம் என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்த்தால் கதை வேறு. 100 கறவையில் 20க்கு ஓர் ஈற்றில் ஒரு முறையாவது மடிநோய் வரும் மாட்டுக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்தப் பதிவின் மொத்த மாறுபாடு 0.20 × 0.80 = 0.16. அதில் 3 சதவீதம் 0.0048. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.07. தந்தை கொடுப்பது அதில் பாதி, 0.035. சராசரியான 20 சதவீதத்துக்கு இருபுறமும் இதைப் போல இரு மடங்கு, அதாவது 7 சதவீதம், விட்டுப் பார்ப்பது வழக்கம். ஆக, இருபது காளைகளை வரிசைப்படுத்தினால் பத்தொன்பது காளைகளின் மகள்கள் 13 சதவீதத்துக்கும் 27 சதவீதத்துக்கும் இடையில் நிற்பார்கள். அதே கொட்டகை, அதே தீவனம், அதே கறவையாளர். காளை மட்டும் வேறு. நோய் இரண்டு மடங்கு. உறைவிந்துக்கு வைத்திருக்கும் ஒரு காளை ஆண்டுக்குப் பத்தாயிரம் குச்சி (ஒரு ஊசிக்கான விந்து நிரப்பிய குழல்) கொடுத்தால், மூன்றில் ஒன்று சினை நின்று அதில் பாதி கிடேரி என்றால்கூட, ஓராண்டு விந்திலிருந்து 1,600க்கு மேல் மகள்கள். 27 சதவீதக் காளையா 13 சதவீதக் காளையா என்று தெரியாமலேயே அதை ஊர் ஊராக அனுப்புகிறோம்.

தெரியாமல் இருப்பது நடுநிலையும் அல்ல. பால் அளவுக்கும் மடிநோய்க்கும் இடையே மரபுத் தொடர்பு 0.2 முதல் 0.4 வரை (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு), அதுவும் வேண்டாத திசையில். பாலை மட்டும் பார்த்துக் காளை எடுத்துக்கொண்டே போனால் மடிநோய்க்கு ஆளாகும் தன்மையும் தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே ஏறும்.

இதை முதலில் கணக்கில் எடுத்தது நார்வே. அங்கே 1975 முதல் ஒவ்வொரு மாட்டுக்கும் உடல்நல அட்டை; மருத்துவர் செய்த ஒவ்வொரு சிகிச்சையும் அதில் ஏறும். 1978ல் நார்வே சிவப்பு இனக் காளைத் தேர்வில் மடிநோய் எதிர்ப்பைச் சேர்த்தார்கள். ஒரு காளைக்கு 200, 300 மகள்கள் என்று பதிவு சேர்த்ததால்தான் 3 சதவீதப் பண்பையும் பிடிக்க முடிந்தது. "அவர்களிடம் பெரிய பண்ணை இருக்கிறது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தக் காலத்தில் அங்கே சராசரிப் பண்ணையில் பத்துப் பதினைந்து மாடுகள்தான். அமெரிக்கா இந்த வழியில் போகவில்லை. சிகிச்சைப் பதிவு கைவசம் இல்லாததால் பாலில் உள்ள உடற்செல் (மடியில் நோய் இருந்தால் கூடும், பெரும்பாலும் வெள்ளை அணுக்கள்) எண்ணிக்கையை வைத்து 1994ல் காளை மதிப்பீடு வெளியிடத் தொடங்கியது. நேரடி மடிநோய் எதிர்ப்பு மதிப்பீடு அங்கே 2018ல்தான் ஹோல்ஸ்டீனுக்கு வந்தது, 2020ல் ஜெர்சிக்கு. இரண்டு வழிகளில் எது நமக்கு என்று கேட்டால், இரண்டும் என்பதே எங்கள் பதில். காரணம் மகள்களின் எண்ணிக்கை.

காளை மதிப்பின் நம்பகத்தன்மையை (0 முதல் 1 வரை) ஒரு சிறு சூத்திரத்தில் சொல்லிவிடலாம். மகள்களின் எண்ணிக்கை ந என்றால், ந ÷ (ந + க). க என்பது மரபுப் பங்கை 4லிருந்து கழித்து, அதே மரபுப் பங்கால் வகுத்தது. மடிநோய்ப் பதிவுக்கு (0.03) க = 132. உடற்செல் எண்ணிக்கைக்கு மரபுப் பங்கு 0.10 அளவில் இருப்பதால் க = 39. 50 மகள்கள் இருந்தால் நேரடிப் பதிவில் நம்பகத்தன்மை 0.27 மட்டுமே, 150 மகள்களுக்கு 0.53, 300க்கு 0.69. உடற்செல்லில் அதே 50 மகள்களுக்கு 0.56 கிடைக்கிறது. ஆனால் உடற்செல்லும் மடிநோயும் ஒன்றல்ல, அவற்றின் மரபுத் தொடர்பு 0.7 அளவுதான். 0.7ஐ வர்க்கப்படுத்தி 0.56ஆல் பெருக்கினால் மறுபடி 0.27! ஆக 50 மகள்களின் மாதாந்திரப் பால் மாதிரி தரும் செய்தியும் அதே 50 மகள்களின் சிகிச்சைப் பதிவு தரும் செய்தியும் ஒரே எடை. ஒன்று திடீரென்று வீங்கும் மடியைக் காட்டும், மற்றது வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருக்கும் நோயைக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் தனியே தருவதைவிடக் கூடுதல்.

இனி வேலையைப் பார்ப்போம். முதல் படிக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். மாட்டின் காதில் 12 இலக்க வில்லை இருக்கிறது. சினை ஊசி போடும்போது அந்த எண்ணோடு காளை எண்ணும் கால்நடைப் பதிவுக்கான பாரத் பசுதன் செயலியில் ஏற வேண்டும். சிகிச்சைக்கும் அதே எண்தான். கால்நடை மருந்தகத்துக்கு வந்தாலும் 1962 எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்தி வீட்டுக்குப் போனாலும், மடிநோய் என்று எழுதும் இடத்தில் ஐந்து விவரம் கட்டாயம் வேண்டும்: தேதி, கன்று ஈன்று எத்தனை நாள், எத்தனையாவது ஈற்று, எந்தக் காம்பு, நோயின் தரம். தரத்துக்கு மூன்று எண் போதும். பாலில் மட்டும் திரி, கட்டி, நிறமாற்றம் என்றால் 1. மடியும் வீங்கிச் சூடாக இருந்தால் 2. மாடு தீவனம் எடுக்காமல் காய்ச்சலில் இருந்தால் 3. முதல் பதிவிலிருந்து 14 நாளுக்குள் அதே காம்பில் திரும்ப வந்தால் பழைய நோயின் தொடர்ச்சி, அதற்குப் பிறகு வந்தால் புதியது. இந்த விதி எழுத்தில் இல்லாவிட்டால், ஐந்து நாள் தொடர்ந்து காம்புக்குள் மருந்து டியூப் ஏற்றிய ஒரே மாடு ஐந்து நோயாகப் பதிவாகிவிடும். பாவம், அதன் அப்பன் காளைக்கும் கெட்ட பெயர்.

இதில் ஓர் ஆதாயம் உண்டு. இன்று ஊசி போட்டால் அதன் மகள் கறவைக்கு வர மூன்றரை ஆண்டாவது ஆகும். ஆனால் இன்று கறவையில் நிற்கும் மாடுகளின் தந்தை எண் எங்கெல்லாம் ஏற்கெனவே பதிவில் இருக்கிறதோ, அங்கெல்லாம் ஓராண்டு நோய்ப் பதிவு சேர்ந்தாலே நான்கைந்து ஆண்டுக்கு முன் பயன்படுத்திய காளைகளின் முதல் மதிப்பீடு கைக்கு வந்துவிடும். அந்தக் காளைகள் போயிருக்கலாம். அவற்றின் மகன்கள் காளை நிலையத்தில் நிற்கக்கூடும், குச்சிகள் கிடங்கில் இருக்கக்கூடும்.

இரண்டாவது படி உடற்செல். சந்ததிச் சோதனைக்காக (மகள்களின் பாலை அளந்து காளையை மதிப்பிடுவதற்காக) மாதம் ஒரு முறை பால் அளக்கும் இடங்களில் கொழுப்புக்கு எடுக்கும் மாதிரியோடு இன்னொரு குப்பி. காலை, மாலைக் கறவை இரண்டும் கலந்து 40 மி.லி., மாதிரி கெடாமல் காக்க ஒரு ப்ரோனோபால் மாத்திரை, குளிர்ப்பெட்டி, ஒன்றியத்தின் ஆய்வகத்தில் செல் எண்ணும் கருவி. கன்று ஈன்ற முதல் வாரத்தில் எடுக்கக் கூடாது. சீம்பாலில் எண்ணிக்கை இயல்பாகவே எகிறி நிற்கும். வந்த எண்களை அப்படியே சராசரி எடுப்பது அடுத்த பெரும் பிழை. ஒரே மாதம் 50 லட்சம் வந்த மாடு மற்ற ஒன்பது மாதச் சராசரியையும் விழுங்கிவிடும். அதனால்தான் மடக்கை அளவுக்கு மாற்றுகிறார்கள்: ஒரு மி.லி.யில் 1 லட்சம் செல் என்றால் மதிப்பெண் 3, 2 லட்சம் என்றால் 4, 4 லட்சம் 5, 8 லட்சம் 6. எண்ணிக்கை இரட்டிக்கும்போது ஒரு புள்ளி.

கருவி இல்லாத ஊரில் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை போதும். அதைச் சரியாகச் செய்தால். முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தனிக் கிண்ணத்தில் விட வேண்டும். தரையில் விட்டால் கிருமியை நாமே தூவுகிறோம். பிறகு நான்கு குழித் தட்டில் காம்புக்கு 2 மி.லி. பால், அதே அளவு சோதனைக் கரைசல். தட்டைப் படுக்கையாகப் பிடித்து வட்டமாக 10 விநாடி சுழற்றி, 20 விநாடிக்குள் படித்துவிட வேண்டும். நீராகவே ஓடினால் 2 லட்சத்துக்குள். தட்டைச் சாய்க்கும்போது அடியில் மெல்லிய இழை தெரிந்து மறைந்தால் 2 முதல் 4 லட்சம் அளவு. தாமதித்தால் கலைந்துபோவது இந்த இழைதான், பேசிக்கொண்டே சுழற்றுபவர்கள் இதைத் தவறவிட்டு "சுத்தம்" என்று எழுதிவிடுவார்கள். கெட்டித்தாலும் திரளாமல் இருந்தால் 1; திரண்டு சுழற்சியோடு நகர்ந்தால் 2; நடுவில் குவிந்து ஜெல்லியாகத் தட்டோடு ஒட்டிக்கொண்டால் 3, அதாவது 50 லட்சத்துக்கு மேல். நான்கு காம்பின் எண்ணையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். கூட்டுவதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் தினமும் பார்க்கும் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவையே பயன்படுத்தலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். மடிநோயில் லாக்டோஸ் குறையும், குளோரைடு ஏறும், பால் உப்புக் கரிக்கும், எஸ்.என்.எஃப். இறங்கும். தண்ணீர் கலந்தார் என்று பழி சுமக்கும் உற்பத்தியாளர்களில் சிலருடைய மாட்டுக்கு உண்மையில் மடியில்தான் கோளாறு. ஆனால் தீவனம் மாறினாலும் அது இறங்கும். சோதனைத் தட்டை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதற்கு அது நல்ல துப்பு. காளையை மதிப்பிட உதவாது.

பதிவில் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது தந்தை எண். பத்தில் ஒரு கன்றுக்குத் தந்தை தவறாகப் பதிவாவது முன்னேறிய நாடுகளிலும் கண்ட விஷயம். குச்சியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து எழுதாமல் நினைவில் இருந்து எழுதுவதும், இரண்டாம் ஊசிக்கு வேறு காளை போட்டுவிட்டுப் பழைய எண்ணையே விட்டுவைப்பதும் வழக்கமான காரணங்கள். பயன்படுத்திய குச்சியை அந்த மாட்டின் காதுவில்லையோடு சேர்த்து ஒரு படம் எடுத்து ஏற்றச் சொன்னால் பெரும்பகுதி சரியாகிவிடும். இரண்டாவது, காணாமல் போகும் மாடுகள். மடி கெட்ட மாட்டைத்தான் முதலில் விற்கிறார்கள். அது பதிவிலிருந்து விழுந்துவிட்டால் மிச்சம் நிற்பவை எல்லாம் ஆரோக்கியமானவை, எல்லாக் காளையும் நல்ல காளை. அதனால் முதல் ஈற்று மகள்களை மட்டும் எடுத்துத் தொடங்குங்கள். விற்கும்போது காதுவில்லை மாற்றப் பதிவில் "பால் வரும் காம்பு எத்தனை" என்று ஒரே கேள்வி சேருங்கள். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துத் தடவி வீட்டிலேயே குணப்படுத்தியவையும் பதிவுக்கு வர வேண்டும். மருந்துச் சீட்டு இருந்தால்தான் நோய் என்று வைத்தால் எண்ணிக்கை பாதியாகிவிடும்.

மூன்றாவதுதான் கணக்கில் பெரிய கண்ணி. ஒரு காளையின் குச்சி வசதியான பத்துப் பண்ணைகளுக்கு மட்டும் போயிருந்தால் அதன் மகள்கள் சுத்தமாகத்தான் இருப்பார்கள். புகழ் கொட்டகைக்குச் சேர வேண்டும், காளைக்குச் சேரும். வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு உள்ள நம் ஊரில் பண்ணையை ஒப்பீட்டுக் குழுவாக வைக்க முடியாது. ஊர், ஆண்டு, பருவம் மூன்றையும் சேர்த்து ஒரு குழு. ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு மூன்று காளைகளின் மகள்கள் கலந்து இருக்க வேண்டும். இது ஊசி போடும் நாளிலேயே தீர்மானமாவது. ஒரு ஊருக்கு ஒரே காளையின் குச்சியை மொத்தமாக அனுப்பிவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது.

மடியின் அமைப்பையும் இதோடு அளந்துவிடலாம். ஒரு டேப் போதும். மடியின் அடித்தளம் பின்னங்கால் முட்டிக்கு மேலா கீழா, முன்மடி வயிற்றோடு இறுகிச் சேர்கிறதா, காம்பின் நீளம், காம்பு நுனியின் நிலை. தொங்கும் மடிக்கு உடற்செல் கூடும் என்பது பல இனங்களில் உறுதியானது. காம்பு நீளத்தில் மட்டும் எச்சரிக்கை: குட்டைக் காம்பை நம் மாட்டுக்காரர் ஏற்க மாட்டார், கையில் பிடிக்காது; நீளக் காம்பு மிதிபட்டுக் கிழியும். நடுத்தரமே நல்லது. அதேபோல் "தொட்டதும் பால் கொட்டும்" மாட்டை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் எளிதில் கறக்கும் காம்பின் வாய் தளர்வானது. வேகமாகக் கறக்கும் மரபுக்கும் கூடிய உடற்செல்லுக்கும் தொடர்பு உண்டு. கறவை வேகத்தைத் தனியே பரிசளித்துத் தேர்வு செய்ய வேண்டாம்.

மரபணுச் சில்லு வந்துவிட்டதே, இத்தனை பதிவு எதற்கு? 2024 அக்டோபரில் மாடுகளுக்கான ஒருங்கிணைந்த மரபணுச் சில்லு நாட்டில் வெளியானதிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. சில்லு டி.என்.ஏ.வைப் படிக்கும். எந்த எழுத்து மடியைக் காக்கிறது என்று சொல்ல, நோய்ப் பதிவு உள்ள ஆயிரக்கணக்கான மாடுகளின் டி.என்.ஏ. வேண்டும். பதிவு இல்லாத சில்லு வெறும் எழுத்துக்கூட்டல். மடிநோயைத் தடுக்கும் ஒற்றை மரபணு என்று எதுவும் இல்லை. சி.எக்ஸ்.சி.ஆர்.1, டி.எல்.ஆர்.4, போலா டி.ஆர்.பி.3 என்று தனித்தனி மரபணுக்களைப் பற்றி ஆய்வுகள் பல. ஒரு மந்தையில் கண்ட பலன் அடுத்த மந்தையில் மறைந்துவிடுகிறது. இந்த ஒற்றை மரபணுச் சோதனைகளை விலை கொடுத்து வாங்கிக் காளை தேர்வு செய்ய வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓரளவு நிலைத்து நிற்பது 6ஆம் குரோமோசோமில் வைட்டமின் டி கடத்தும் புரதத்துக்கான ஜி.சி. மரபணுவை ஒட்டிய பகுதி. நெதர்லாந்து ஹோல்ஸ்டீன் மாடுகளில் 2021ல் அதை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள்: அங்கே 12,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு சில மாடுகளில் பல பிரதிகளாக இருக்கிறது. மடிநோய்க்கு இடம் கொடுக்கும் வடிவமே பாலையும் கூட்டுகிறது. பாலுக்காக நாம் தேர்ந்தெடுத்தபோது நோயும் ஏன் கூடவே வந்தது என்பதற்கு மூலக்கூறு அளவில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நம் ஜெர்சிக் கலப்பினத்தில் அந்தத் துண்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதை நம் மாடுகளில்தான் பார்க்க முடியும்.

நாட்டு மாட்டுக்கு மடிநோயே வராது என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. கலப்பினத்தைவிடக் குறைவு என்பது சரி. ஆனால் காங்கேயமும் உம்பளாச்சேரியும் கறக்கும் பால் குறைவு, மடி சிறியது, கன்று ஊட்டிக் கறப்பது வழக்கம். எது இனத்தின் எதிர்ப்பு, எது குறைந்த பாலின் பலன் என்று பிரிக்காமல் முடிவு சொல்வது சரியல்ல.

உடனே, செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகளோ விந்தோ வாங்கும்போது, அமெரிக்கக் காளை விவரத்தாளில் உடற்செல் மதிப்பெண்ணும் மடிநோய் எதிர்ப்பும் ஏற்கெனவே அச்சாகி இருக்கின்றன. உடற்செல் மதிப்பெண் குறையக் குறைய நல்லது. சராசரி 3ஐ ஒட்டி இருக்கும். மடிநோய் எதிர்ப்பு கூட்டல் குறியில் இருக்க வேண்டும், +2.0 என்றால் மகள்களில் நோய் வராதவை சராசரியைவிட 100க்கு 2 கூடுதல். கொள்முதல் நிபந்தனையில் "மடிநோய் எதிர்ப்பு கழித்தல் குறியில் உள்ள காளை ஏற்கப்படாது" என்று ஒரே ஒரு வரி போதும். அங்கே குளிரிலும் இயந்திரக் கறவையிலும் அளந்த எண் இங்கே அப்படியே நிற்காது என்பது உண்மைதான். அதற்காக அதைப் பார்க்காமலே வாங்குவதற்கு நியாயம் இல்லை.

நம் சொந்தக் கலப்பினக் காளைகளில் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும்? பாலில் முதலிடம் உள்ள காளையை மடிக்காகத் தள்ளுங்கள் என்று கேட்கவில்லை. மடி மதிப்பில் கடைசியில் நிற்கும் கால்வாசிக் காளைகளை மட்டும் விலக்குங்கள். 150 மகள்கள் அளவு நம்பகத்தன்மையோடு அப்படிச் செய்தால், 100க்கு 20 என்ற நோய் ஒரு தலைமுறையில் 19 ஆகும். அவ்வளவுதான், கூட்டிச் சொல்ல மாட்டோம். காம்பைக் கிருமிநாசினியில் நனைப்பதும் பால் வற்றும்போது செய்யும் மடிச் சிகிச்சையும் அதைவிட விரைவில் பலன் தரும். அவற்றை நிறுத்தவே கூடாது. ஆனால் அவற்றை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கொட்டகையிலும் செய்ய வேண்டும். காளையில் ஒரு முறை சரிசெய்தது மகளுக்கும் பேத்திக்கும் தானாகப் போகும், அடுத்த தலைமுறைத் தேர்வு அதன்மேல் ஏறும்.

சந்ததிச் சோதனை நடக்கும் ஊர்களில் பால் அளப்பவர்களுக்குச் சோதனைத் தட்டும் கரைசலும் கொடுத்து இந்த ஆண்டே தொடங்கலாம். மருந்தகப் பதிவில் மேலே சொன்ன ஐந்து விவரங்களைக் கட்டாயமாக்க ஒரு சுற்றறிக்கை போதும். ஒரு காளைக்கு 50 மகள்களின் பதிவு சேர்ந்ததும், நம்பகத்தன்மை எண்ணோடு சேர்த்தே அதன் மடி மதிப்பை வெளியிடுங்கள், 0.27 என்றால் 0.27 என்றே அச்சிடுங்கள். ஊசி போடுபவரும் மாட்டுக்காரரும் அதைப் படித்துப் புரிந்துகொள்வார்கள். பதிவுப் படிவத்தின் மாதிரியையும் கணக்கிடும் முறையையும் எழுதித் தரவும், முதல் ஓராண்டுப் பதிவைச் சரிபார்த்துத் தரவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கறவை மாட்டு மருத்துவத்திலும் இனவிருத்திக் கணக்கீட்டிலும் பால் பரிசோதனையிலும் பணியாற்றுவோர்